பட்டாணிக்குக் கீழே ஒரு வரி

கண்ணால் எண்ணினால் பன்னிரண்டு வரி. கணினி பதிமூன்று என்றது.

கிளார்க்கம்மா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். பன்னிரண்டேதான். பள்ளிக்கூட வேனில் போகிற பிள்ளைகளின் பட்டியல் அது. பிள்ளைக்கு ஒரு வரி. முதலில் இறங்குகிற பிள்ளை மேலே, கடைசியில் இறங்குகிற பிள்ளை கீழே. வேனில் உட்காருவதும் அதே வரிசைதான், கதவோரத்திலிருந்து பின் சீட் வரை. கடைசி வரியில் இருப்பது அவளுடைய மகள். வகுப்பு, பிரிவு, முகவரி எதுவும் கிடையாது. வெறும் ‘பட்டாணி’ என்று வீட்டுப் பெயர் மட்டும். அம்மாவுக்கு வேலை முடிய ஐந்தரை ஆகும் என்பதால், ஆறு வயது மகாராணி தினமும் வேனில் ஊரைச் சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்து இறங்குவாள். டிரைவர் அண்ணன் பாட்டுப் போடுவார் என்பதுதான் முக்கியமான காரணம்.

மற்ற பள்ளிகளில் இந்த மாதிரிப் பட்டியலுக்கு என்னென்னவோ சாஃப்ட்வேர் வைத்திருப்பார்கள். இவளுக்கு வாய்த்தது தம்பி. கம்ப்யூட்டர் வேலைக்காரன். வரிகளை எழுதித் திருத்துவதற்கென்று எந்தக் காலத்திலோ செய்த பழைய எடிட்டர் ஒன்றை அலுவலகக் கணினியில் போட்டுக்கொடுத்து, "உனக்கு என்ன வேணுமோ நீயே எழுதிக்கோக்கா, இன்னொருத்தன் கையை எதிர்பார்க்காதே" என்று லிஸ்ப் மொழியையும் ஒரு மாதம் தலையில் குட்டிக் குட்டிப் புகட்டிவிட்டுப் போனான். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. முதலில் தலை சுற்றியது. பிறகு பிடித்துப்போய்விட்டது. வரிகள் சொன்ன பேச்சுக் கேட்கும், எதிர்த்துப் பேசாது. வீட்டில் அப்படி ஒரு ஜீவன் உண்டா? தான் எழுதிய ஃபங்ஷன்களுக்கு, அதாவது குட்டிக் கட்டளைகளுக்கு, தமிழிலேயே பெயர் வைத்தாள். ‘இறக்கு’ என்றால் மேல் வரியை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேமித்து, டிரைவர் அண்ணனின் போனுக்கு அனுப்பும். ‘ஏற்று’ என்றால் கர்சர் நிற்கும் வரியை ஒரு படி மேலே தூக்கி வைக்கும். இன்று சாப்பாட்டு வேளையில் புதிதாக எழுதியது ‘எண்ணு’. முதல் வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும்; இனி இறங்க இடமில்லை என்னும்போது எத்தனை என்று சொல்லும். அவ்வளவுதான். இதில் தப்பு வர என்ன இருக்கிறது?

ஆனால் எண்ணும்போது ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் இந்தத் தொழிலில் சகஜம். எங்கே கூடியது என்று பொறுமையாகத் தேடியிருக்கலாம். மணி நாலாகிவிட்டது, வேன் கிளம்பப்போகிறது, வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஃபங்ஷனின் கடைசியில் ‘ஒன்றைக் கழி’ என்று ஒரு அடைப்புக்குறியைச் சேர்த்துவிட்டாள். பன்னிரண்டு வந்தது. அப்பாடா என்று பட்டியலை அனுப்பிவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

மழை அதன் பிறகுதான் பிடித்தது. சைக்கிள் கொட்டகையின் தகரத்தில் விழுந்த சத்தத்தில் சுவர்க் கடிகாரம்கூடக் கேட்கவில்லை. பகல் நாலு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. ஈரக் குடைகளின் வாடையும், தரை துடைத்த மருந்தின் நெடியும், பீரோவுக்குள்ளிருந்து பழைய காகித வாசனையும் ஒன்றாகக் கலந்து அறை முழுக்க நின்றன. டீச்சர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நடைகூடத்தில் எங்கோ ஒரு கதவு காற்றில் மோதிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் சாத்த வேண்டும் என்று நினைத்தபோது போன் அடித்தது.

"கிளார்க்கம்மா, பன்னெண்டுன்னு அனுப்பியிருக்கீங்க. இங்க பதிமூணு தலை இருக்கே?" டிரைவர் அண்ணனின் குரலுக்குப் பின்னால் வைப்பர் தேய்கிற சத்தமும், பிள்ளைகளின் கூச்சலும்.

"சரியா எண்ணுங்கண்ணே. யாராவது எந்திரிச்சு நின்னிருப்பாங்க."

"மூணு தடவை எண்ணிட்டேம்மா. கடைசி சீட்டுல நம்ம பாப்பா பக்கத்துல ஒண்ணு உக்காந்திருக்கு. மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டிருக்கு. புதுசா சேர்ந்த பிள்ளையோ என்னவோ."

அவள் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ‘எண்ணு’வைத் திறந்து, தான் சேர்த்த கழித்தலை அழித்தாள். மறுபடி ஓட்டினாள். பதிமூன்று. பட்டியலின் அடிக்குப் போகும் விசையை அழுத்தினாள். கர்சர் ‘பட்டாணி’யில் நிற்கவில்லை. அதற்கும் கீழே, ஒன்றுமே எழுதாத இடத்தில் போய் நின்று கண் சிமிட்டியது.

வெற்று வரி. அட, இதுதானா! இதற்குப் போயா? அவள் வெற்று வரிகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். ‘அழித்தவை: 0’ என்று பதில் வந்தது. சரி, உள்ளே இடைவெளி இருக்கும். இடைவெளி மட்டும் உள்ள வரிகளை அழி என்றாள். 0. அந்த வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, இங்கே என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டாள். எடிட்டர் வழக்கமாக எதையாவது சொல்லும்; இடைவெளி என்றோ, வரி முடிவு என்றோ சொல்லும். இப்போது எதுவும் சொல்லவில்லை. கேட்டதே காதில் விழாத மாதிரி இருந்தது.

ஆபீஸ் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். நல்லவேளை, எடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"வெத்து வரிக்கெல்லாமா பயப்படுவாங்க? வெட்டிப் போட்டுட்டுப் போயேன்க்கா."

"டேய், வேன்லயும் ஒரு ஆள் கூட இருக்குங்கிறாரு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஏதாவது பிள்ளை வண்டி மாறி ஏறியிருக்கும். எனக்கு மீட்டிங் இருக்குக்கா, அப்புறம் கூப்பிடறேன்." வைத்துவிட்டான். அவன் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவள் இடத்தில் இருந்திருந்தால் அவனுக்கும் அந்தப் பயம் தெரிந்திருக்கும்.

"தபாலாபீஸ் முனை, ரெண்டு பேரு இறங்கியாச்சு" என்றது மேசைமேல் இருந்த முதல் போன். அவள் பழக்கத்தில் ‘இறக்கு’வை இரண்டு முறை தட்டினாள். மேலே இரண்டு வரி போயிற்று. மிச்சம் பதினொன்று.

"அண்ணே, அந்தப் பிள்ளையை அங்கேயே இறக்கிவிட்டிருங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

"என்னம்மா பேசறீங்க? கொட்டற மழையில சின்னப் பிள்ளையை நடுரோட்டுலயா விடச் சொல்றீங்க? பெத்தவங்க தேடிட்டு வந்தா யாரு பதில் சொல்றது?" அவர் நல்ல மனுஷர். இருபது வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். அந்த நல்ல மனசை அன்றைக்கு அவள் எப்படியெல்லாம் சபித்தாள்!

தண்ணீர்த்தொட்டி. மூன்று பேர். இறக்கு, இறக்கு, இறக்கு. எட்டு.

"பாப்பாகிட்ட போனைக் குடுங்கண்ணே."

"ஓட்டிட்டிருக்கேம்மா, பாலத்துல தண்ணி. அது நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சேர்ந்துக்கிட்டாச்சு. பாப்பா மேல சாஞ்சு உக்காந்திருக்கு அந்தப் பிள்ளை."

"மூஞ்சி தெரியுதா?"

வைப்பர் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. "ஜன்னல் பக்கம் திருப்பியிருக்குன்னு நெனச்சேன். இல்ல போலிருக்கு. இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கு. கண்ணாடியில சரியாத் தெரியலம்மா."

வேன் இருக்கும் இடத்துக்கு இங்கிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். மழையில் ஒரு வண்டி கிடைக்காது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது என்றா? பத்து விரலும் விசைகளின்மேல் இருந்தும் அவளால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. பிள்ளைகள் இறங்க இறங்கப் பட்டியல் குட்டையாகிக்கொண்டே வந்தது. பழைய தியேட்டர், நான்கு பேர். நான்கு. கடைசியில் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரிந்தது. யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கர்சரைப் ‘பட்டாணி’யில் வைத்து ‘ஏற்று’ என்றாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏதாவது செய்ய வேண்டும். மகளின் வரி ஒரு படி மேலே போனது. இன்னொரு தரம். உச்சிக்கு வந்துவிட்டது.

"அட!" என்றார் டிரைவர் அண்ணன். "இந்தக் கழுதை எப்ப எந்திரிச்சு வந்துச்சு? கதவோரமா உக்காந்திருக்கும்மா உங்க பொண்ணு. பெல்ட்டுகூடப் போட்டிருக்கு."

உயிர் போய் உயிர் வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். அப்படியானால் இங்கே செய்வது அங்கே நடக்கிறது! கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு கயிறு கிடைத்த மாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்புமாக ‘எண்ணு’வை ஓட்டினாள். நான்கு. அடிக்குப் போனாள். கர்சர் கடைசிப் பையனின் வரியிலேயே நின்றுவிட்டது. கீழே இறங்கவில்லை.

அடியில் அது இல்லை.

மெல்ல ஒவ்வொரு வரியாக மேலே ஏறினாள். மூன்று. இரண்டு. ‘பட்டாணி’க்கு நேர் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில் கர்சர் சிமிட்டியது.

"அதுவும் கூடவே வந்திருச்சும்மா" என்றார் அவர். குரல் இப்போது தணிந்திருந்தது. "ஒரே ரெயின்கோட்டுக்குள்ள ரெண்டும் உக்காந்திருக்கு."

வெட்டிப் போடு என்று தம்பி சொல்லவில்லையா? வெட்டலாம். ஆனால் அது மகளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெட்டும்போது ஏதாவது ஆகிவிட்டால்? முதலில் மகளை எடுத்துப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொள்வோம். பிறகு அதை வெட்டி எறிவோம். பிறகு மகளைத் திரும்ப வைப்போம். வெட்டியது எதுவும் இந்த எடிட்டரில் தொலைந்துபோவதில்லை, ஒட்டு என்றால் வந்துவிடும். அவளிடம் ‘வெட்டு’ என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. வரியில் உள்ளதை எடுத்து வைத்துக்கொண்டு, வரி இருந்த இடத்தையும் மூடிவிடும். அவளே எழுதியதுதான்.

‘பட்டாணி’யில் கர்சரை வைத்தாள். வெட்டினாள்.

"அம்மா!" டிரைவர் அண்ணன் கத்தினார். பிரேக் கீச்சிட்டது. "பாப்பாவைக் காணோம்! கதவு மூடித்தான் இருக்கு, ஆளைக் காணோம்மா! ஐயோ!"

"கத்தாதீங்கண்ணே. என்கிட்டதான் இருக்கா. ஒரு நிமிஷம்."

கர்சர் தானாகவே அடுத்த வரியில் வந்து நின்றது. ஒன்றுமில்லாத வரி. அவள் வெட்டினாள்.

"அதுவும் போயிருச்சு" என்றார் அவர். மூச்சு வாங்கியது அவருக்கு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுவில் வேறொன்றும் செய்யாமல் அடுத்தடுத்து இரண்டு தடவை வெட்டினால் இந்த எடிட்டர் இரண்டையும் தனித்தனியாக வைப்பதில்லை. ஒன்றின் வாலில் மற்றொன்றைச் சேர்த்து ஒரே துண்டாக வைத்துக்கொள்ளும். வசதிக்காகச் செய்து வைத்தது. பத்து வரியைத் தொடர்ந்து வெட்டி ஒரே ஒட்டில் கொண்டுவரலாம். எத்தனை நாள் அவளே அதைச் செய்திருக்கிறாள்! நடுவில் கர்சரை ஒரு எழுத்து நகர்த்தியிருந்தால் போதும்.

செய்ததை ரத்தாக்கும் பின்வாங்கு விசையை அழுத்தினாள். பின்வாங்க எதுவும் இல்லை என்றது. இந்தப் பட்டியலுக்கு அந்த வசதியை அவள்தான் அடைத்து வைத்திருந்தாள். போன வருஷம் கை தவறிப் பின்வாங்கியதில், இறங்கிப்போன பிள்ளை பட்டியலுக்குத் திரும்பி வந்து, டிரைவர் அண்ணன் அரை மணி நேரம் அதைத் தேடித் தவித்தார். இனி இது வேண்டவே வேண்டாம் என்று அன்றைக்கே மூடினாள்.

விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. மேசைக்கடியில் பேட்டரிப் பெட்டி பீப் என்றது. மின்சாரம் போய்விட்டது. அந்தப் பெட்டி பழசு, மூன்று நிமிஷம் தாங்கினால் அதிசயம். கணினி அணைந்தால் அதன் கையில் இருப்பதும் போய்விடும்.

பீப்.

பட்டாணி எங்கே இருக்கிறாள் இப்போது? அங்கே வெளிச்சம் உண்டா? கூட அது இருக்கிறதே.

பீப்.

வேறு வழியில்லை. ஒட்டினாள்.

‘பட்டாணி’ என்று வந்தது. ஒரே ஒரு வரி. ‘எண்ணு’ மூன்று என்றது.

"வந்திருச்சு, வந்திருச்சு!" டிரைவர் அண்ணன் அழுதேவிட்டார். "நம்ம பாப்பா மட்டும்தாம்மா. இன்னொண்ணு இல்ல. சீட்டுக்கடியில ஒளிஞ்சிருந்திருக்கும் வாலு. மூணு பேரு, உங்க லிஸ்டுக்குச் சரியா இருக்கு."

அவள் வரியின் முடிவுக்குப் போகும் விசையை அழுத்தினாள். கர்சர் ‘ணி’யைத் தாண்டியது. நிற்கவில்லை. வலது பக்கமாக, வெறும் வெள்ளையில், போய்க்கொண்டே இருந்தது. திரையின் ஓரத்தைத் தொட்டது. திரை நகர்ந்தது. இன்னும் போனது.

பெயரின் கடைசி எழுத்துக்குத் திரும்பி வந்தாள். அங்கிருந்து வரி முடிவு வரை அழி என்று கட்டளையைக் கொடுத்தாள்.

போனில் மகளின் குரல் கேட்டது. "அம்மா! இழுக்காதம்மா! வலிக்குதும்மா!"

கையை எடுத்தாள். நெருப்பைத் தொட்டவள் மாதிரி எடுத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அழித்தது ஓர் எழுத்தளவு இருந்திருக்கும். போனில் விசும்பல் கேட்டது. இரண்டு விசும்பல் இல்லை, ஒன்றுதான். நீளமாக ஒன்று.

"எந்தச் சாமிக்காவது வேண்டிக்கட்டுமா?" என்று யாரையோ கேட்டாள். அறையில் யாரும் இல்லை. பெட்டி ஒரே மூச்சாகக் கத்தி அடங்கியது. திரை இருண்டது.

கடைசி இரண்டு பையன்களையும் இறக்கிவிட்டதாக டிரைவர் அண்ணன் போனில் சொன்னபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நின்றாளோ. மழை தூறலாகிவிட்டது. வேன் கேட்டைத் தாண்டி மெதுவாக உள்ளே வந்தது. பாரம் ஏற்றிய லாரி மாதிரி, பின்பக்கம் அழுந்தி வந்தது.

அவர் இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்தார். குடையை விரித்தார். "வாடாம்மா, அம்மா எவ்வளவு பயந்துட்டாங்க தெரியுமா?"

பட்டாணி இறங்கினாள். மஞ்சள் ரெயின்கோட்டு. முன்பல் விழுந்த அதே வாய். அழுது சிவந்த அதே கண். அம்மா என்று கையை நீட்டினாள். அவள் ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள். ஈரத் தலைமுடி, பென்சில் வாசனை, சூடான கழுத்து. என் தங்கமே. என் கண்ணே. இவள்தான். இவளேதான். தூக்கப் பார்த்து ஓர் அடி பின்னால் வைத்தாள்.

தூக்க முடியவில்லை.

மகளின் முதுகைத் தடவிய கை, முதுகு முடிகிற இடத்தைத் தேடியது. கோட்டு இருந்தது. இன்னும் கோட்டு. அதற்குள் இளஞ்சூடாக, மூச்சு விட்டபடி. அது வேனின் படியில் கிடந்தது, படிக்கு மேலேயும் இருந்தது.

"அம்மா, விடாதே" என்றாள் பட்டாணி, அவள் காதோரம்.

அவள் விடவில்லை. இன்னோர் அடி பின்னால் வைத்தாள். மஞ்சள் படியிலிருந்து சேற்றில் வழிந்து, இறங்கிக்கொண்டே இருந்தது. திறந்த கதவுக்கு உள்ளே, முதல் சீட்டில் மஞ்சள். அடுத்த சீட்டில் மஞ்சள். கடைசி சீட் வரை.

"நனையுது பாருங்க, பாவம்" என்ற டிரைவர் அண்ணன், குடையை அதற்கு மேலே நகர்த்திப் பிடித்தார்.